லைன் போட வந்தவர் வச்ச இடமும், அவர் வச்ச பாஸ்வேர்டும்

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான். ஊர்ல அப்பா அம்மா இருக்குற வீட்டுக்குப் புதுசா ஃபைபர் கனெக்‌ஷன் எடுத்திருக்கீங்க. கீழ ஹாலும் ரெண்டு ரூமும், மாடில ஒரு ரூம். ஊருக்கு வரும்போது அந்த மாடி ரூம்ல உக்காந்துதான் ஆபீஸ் வேலை பாக்கணும், ஆனா அங்க சிக்னல் ஒத்தைக் கோடுதான் காட்டுது, மீட்டிங் நடுவுல கட் ஆகுது. வாசல்ல ஒரு வைஃபை கேமரா, ஹால்ல ஸ்மார்ட் டிவி. பாஸ்வேர்ட் தெருப் பசங்க பாதிப்பேருக்குத் தெரியும். கடைக்காரர் ஆறு ஆன்டெனா வச்ச ரவுட்டர் ஒண்ணு காட்டி இதை வாங்குங்க வீடு முழுக்க எடுக்கும்னு சொல்றார். வாங்கலாமா, அப்புறம் செக்யூரிட்டிக்கு என்ன பண்ணணும்?

இப்போதைக்கு வாங்காதீங்க. வீட்டு வைஃபைல வர்ற தலைவலி முக்கால்வாசி லைன் போட வர்ற அன்னிக்கே முடிவாயிடுது, ஏன்னா அன்னிக்கு லைன்மேன் உங்களுக்காக ரெண்டு முடிவு எடுத்துட்டுப் போயிடுறார், ஒண்ணு பெட்டியை எங்க மாட்டுறதுன்னு, இன்னொண்ணு பாஸ்வேர்ட் என்னன்னு. ரெண்டையும் அவர் வசதிக்குத்தான் எடுப்பார், அவரைத் தப்பு சொல்ல முடியாது, அவருக்கு அன்னிக்கு இன்னும் அஞ்சு வீடு பாக்கணும். ஜன்னல் வழியா வயர் உள்ள வந்ததும் முதல் பிளக் பாயின்ட் எங்க இருக்கோ அங்க மாட்டிடுவார், பாஸ்வேர்டுக்கு உங்க செல் நம்பரையே போட்டுடுவார், கேட்டா மறக்காதுல்ல சார்ம்பார். இந்த ரெண்டையும் திருப்பி உங்க கைக்குக் கொண்டு வந்தா வேலை பெரும்பாலும் முடிஞ்சுடும்.

முதல்ல இடம். உங்க வீட்டுல பெட்டி வாசல் பக்கம் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்குன்னு எழுதிருக்கீங்க. முன்னாடி டிவி, பக்கத்துல இரும்பு பீரோ, மேல கம்பி கட்டுன கான்கிரீட் தளம். வைஃபைக்கு இதைவிட மோசமான இடம் தேடிப் புடிக்கணும். செங்கல் சுவர் ஒண்ணு ரெண்டு தாண்டுறது பெரிய விஷயம் இல்ல, ஆனா தளத்துல இருக்குற கம்பி வலையும், இரும்பும், கண்ணாடிக்குப் பின்னாடி இருக்குற பூச்சும், தண்ணித் தொட்டியும் சிக்னலை நல்லா தின்னுடும். வெறுமனே பெட்டியை டிவிக்குப் பின்னாடி இருந்து எடுத்து, ஆள் உயரத்துக்கு மேல, மாடிப்படி திறப்பு தெரியிற சுவர்ல மாட்டிப் பாருங்க. படிக்கட்டு வழியா தளம் இல்லாம ஒரு பாதை கிடைக்கும்ல, அதுலயே மாடில வித்தியாசம் தெரியும். காசு செலவே இல்ல.

ஃபைபர் வயரை நீங்களே இழுக்காதீங்க. உள்ள இருக்குறது முடி மாதிரி கண்ணாடி இழை, சுவர் மூலைல நறுக்குனு மடிச்சா ஒளி கசிஞ்சுடும், பெட்டில லாஸ்னு போட்ட லைட் சிவப்பா எரிய ஆரம்பிக்கும், அப்புறம் திரும்ப லைன்மேனுக்கு போன் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். அவரையே கூப்பிட்டு நீளமான வயர் போட்டு பெட்டியை நடு வீட்டுக்கு மாத்தச் சொல்லுங்க, தனியா ஏதாவது கேட்பார், கொடுத்துடுங்க, ஆறு ஆன்டெனா ரவுட்டரை விடக் கம்மியாத்தான் இருக்கும்.

அந்த ஆன்டெனா கதையையும் சொல்லிடறேன். குச்சி மாதிரி இருக்குற ஆன்டெனா சிக்னலை எல்லாப் பக்கமும் ஒரே அளவுல வீசாது, குச்சியைச் சுத்தி மெதுவடை மாதிரி பரப்பும், குச்சி முனை எந்தப் பக்கம் பாக்குதோ அங்க ஓட்டை. எல்லா ஆன்டெனாவையும் நேரா நிமுத்தி வச்சா கீழ் வீட்டுக்கு நல்லது, நேர் மேல இருக்குற ரூமுக்கு ஓட்டைதான் கிடைக்கும். ரெண்டு மூணு இருந்தா ஒண்ணைப் படுக்க வச்சுப் பாருங்க. அப்புறம் எத்தனை ஆன்டெனா இருந்தாலும் வெளிய அனுப்புற பவருக்குச் சட்டப்படி ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டி எந்தக் கம்பெனியும் போக முடியாது. இன்னொண்ணு, இது ஒருவழிப் பாதை இல்ல. ரவுட்டர் சத்தம் போட்டா போனுக்குக் கேட்கும், ஆனா போன் திருப்பிப் பேசுறது ரவுட்டருக்குக் கேட்கணும்ல, போன்ல இருக்குறது சின்ன ஆன்டெனா, சின்ன பேட்டரி. அதனாலதான் சில வீட்டுல கோடு நாலும் ஃபுல்லா காட்டும், வீடியோ கால் மட்டும் திக்கித் திக்கி ஓடும்.

இடம் மாத்தியும் மாடி ரூமுக்குப் பத்தலைன்னா, இதுக்கு உருப்படியான வழி ஒண்ணே ஒண்ணுதான்: கீழ இருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, மாடில இன்னொரு சின்ன ரவுட்டரை வச்சு அதை ஆக்சஸ் பாயின்ட் மோடுல (தனி நெட்வொர்க் போடாம, கீழ இருந்து வர்ற நெட்டையே வைஃபையா வீசுற மோடு) போடுறது. ரிப்பீட்டர்னு சுவர்ல சொருகுற ஒண்ணு விக்கிறாங்க, விலை கம்மிதான், ஆனா அது ஒரே பேண்டுல (அலைவரிசைல) ஒரு தடவை கேட்டு அதையே திருப்பி ஒரு தடவை சொல்லணும், அதனால வேகம் கிட்டத்தட்ட பாதியாயிடும், அதோட அதை சிக்னல் வராத இடத்துல வச்சா அதுக்கே சிக்னல் கிடைக்காது, பாதி வழில வைக்கணும். மெஷ் செட், அதாவது ரெண்டு மூணு பெட்டி சேர்ந்து ஒரே வைஃபையா ஓடுறது, நல்லாத்தான் இருக்கும், ஆனா மூணாவது பேண்ட் இல்லாத விலை கம்மி மெஷ்ஷும் கான்கிரீட் தளத்தைத் தாண்டுறதுக்கு அதே பாடுதான் படும். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல கேபிள் போட்டுட்டா எந்த மெஷ்ஷும் அற்புதமா ஓடும், அப்போ கேபிள்தான் வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கோங்க.

கேபிள் விஷயத்துல மட்டும் கொஞ்சம் கறாரா இருங்க. கேட் 6 கேளுங்க, அதுலயும் முழுச் செம்பா, இல்ல அலுமினியத்துக்கு மேல செம்புப் பூச்சு போட்டதான்னு கேளுங்க, ரெண்டாவது ரகம் விலை குறைச்சல், கொஞ்ச நாள்ல முனைல கிரிம்ப் பண்ண (கனெக்டரை நசுக்கி மாட்டுன) இடத்துல ஒடியும். நல்ல கேபிள் 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) தாங்கும், வீட்டுக்கு இது தாராளம். கரண்ட் வயர் போற பைப்லயே விடாதீங்க, பழைய கேபிள் டிவி பைப் சும்மா கிடந்தா அதுல விடலாம். வெளிச்சுவர் வழியா மொட்டை மாடிக்கு இழுக்குறதைக் கூடுமானவரை தவிர்த்துடுங்க, வெயில்ல தோல் வெடிக்கும், இடி மின்னல் சீசன்ல ரெண்டு பக்கமும் போர்ட் கருகிப் போறது சர்வ சாதாரணம்.

கேபிள் போட்டு முடிச்சதும் மாடில லேப்டாப்பை நேரா கேபிள்ல சொருகி ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. 200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்துட்டு 94 கிட்ட போய் அப்படியே ஆணி அடிச்ச மாதிரி நின்னா, லைன் கம்பெனிகிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டைப் பாருங்க. ஒண்ணு, ரவுட்டர்ல இருக்குற போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ் போர்ட்டா இருக்கும், விலை கம்மி மாடல் நிறையது இன்னமும் அப்படித்தான் வருது. இல்லைன்னா கேபிள்ல இருக்குற நாலு ஜோடில ஒரு ஜோடி சரியா கிரிம்ப் ஆகலை, கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும், ஒரு வயர் விட்டுப்போனாலும் அது சத்தமில்லாம 100க்கு இறங்கிடும். 94ங்கிற நம்பரைப் பாத்தாலே இதுதான்னு கண்ணை மூடிட்டுச் சொல்லலாம்.

மாடி ரவுட்டர்ல ஆக்சஸ் பாயின்ட் மோடுன்னு மெனுவுலயே இருந்தா அதைப் போடுங்க. இல்லைன்னா அதோட டிஎச்சிபியை (சேர்ற போனுக்கெல்லாம் ஐபி முகவரி கொடுக்குற வேலையை) ஆஃப் பண்ணிட்டு, ஐபி முகவரியை கீழ பெட்டியோட மோதாத மாதிரி மாத்திட்டு, கேபிளை வேன் (WAN, வெளி லைன் வர்ற) போர்ட்ல சொருகாம லேன் போர்ட்ல சொருகுங்க. ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்ட், ஆனா வேற வேற சேனல்.

சேனல்னு சொன்னதும் இதையும் பாத்துடுவோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், ஆனா தெருவுல எல்லார் வீட்டு ரவுட்டரும், ப்ளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கதான் கூட்டம் போடுது. ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் அதுல 1, 6, 11னு மூணே மூணுதான், அதுல எது காலியோ அதைப் போடுங்க, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ்லயே வைங்க. 40 போட்டா வேகம் கூடும்னு யாராவது சொல்லுவாங்க, அக்கம்பக்கம் வீடு இருக்குற தெருவுல அது நமக்கும் தொந்தரவு அவங்களுக்கும் தொந்தரவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, தூரம் கம்மி, மாடி ரூம்லயே ரவுட்டர் வந்துட்டா உங்க லேப்டாப்பை இதுலதான் போடணும், 36ல இருந்து 48 வரைக்கும் இருக்குற சேனல் பிரச்சனை இல்லாதது. 52க்கு மேல சிலது ரேடாரோட பங்கு போடுற சேனல், ரேடார் மாதிரி எதாவது கேட்டா ரவுட்டர் தானா சேனல் மாறும், அந்த நேரம் பாத்து கால் கட் ஆகும். கேமரா, ஸ்மார்ட் பல்பு இதெல்லாம் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் பேசும், அதனால அதை அணைச்சுடாதீங்க.

சரி, இனி ரெண்டாவது முடிவு, பாஸ்வேர்ட். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா செல் நம்பர் பாஸ்வேர்டா இருந்தா என்ன, யாருக்குத் தெரியப் போகுதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க.

டபிள்யூபிஏ2ங்கிற வைஃபை பூட்டு முறைல ஒரு போன் ரவுட்டரோட சேரும்போது நாலு பாக்கெட் கைமாறும். பாஸ்வேர்ட் அதுல நேரடியா போகாது, ஆனா ஒரு பாஸ்வேர்டை யூகிச்சா அது சரியான்னு சரிபாக்குற அளவுக்கு விவரம் அதுல இருக்கு. ரோட்டுல நின்னு அந்த நாலையும் பதிவு பண்ணிக்கிட்ட ஒருத்தன் உங்க வீட்டு வாசல்ல நிக்கவே வேண்டாம், வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு பாஸ்வேர்டா போட்டுப் பாக்கலாம், ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது, மூணு தடவை தப்பா போட்டா லாக் ஆகும்ங்கிற கதையெல்லாம் அங்க கிடையாது. இப்போ கணக்கு பாருங்க. நம்ம ஊர் செல் நம்பர் 6, 7, 8, 9ல ஏதாவது ஒண்ணுலதான் ஆரம்பிக்கும், மீதி ஒன்பது இலக்கம், ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்பு. பெருசாத்தான் தெரியுது. ஆனா கேம் விளையாட வாங்குற ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு செகண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல போட்டுப் பாக்கும். 4000 செகண்ட், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான், இந்தியாவுல இருக்குற எல்லா நம்பரும் முடிஞ்சுது. அப்பா நம்பர் அம்மா நம்பர்னு தெரிஞ்சவனுக்கு அந்த ஒரு மணி நேரமும் தேவையில்ல.

எட்டு சின்ன எழுத்தைத் தாறுமாறா போட்டாக்கூட அதே கார்டுக்கு ரெண்டரை நாள் வேலைதான். அதனால குழப்பமான குறிகளை விட நீளம்தான் முக்கியம். 63 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, அதை யாரும் பயன்படுத்துறது இல்ல. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலஞ்சு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல அடிங்க, முருங்கக்கா ஜமுக்காளம் டெம்போ எருக்கம்பூ அப்படிங்கிற மாதிரி (இதையே போட்டுடாதீங்க, நான் இங்க எழுதிட்டேன்). அம்மாவுக்கு போன்லயே சொல்லிடலாம், நினைவு இருக்கும், பொதுவா வச்சு உடைக்கிற இங்கிலீஷ் வார்த்தைப் பட்டியல்லயும் சுலபத்துல சிக்காது. சாமி பேரும் 123ம் போடுறது, பிள்ளைங்க பேரும் பிறந்த வருஷமும் போடுறது, இதெல்லாம் பட்டியல்ல முதல் பக்கத்துலயே இருக்கும்.

ரவுட்டர்ல அதுக்கு அடுத்த முறையான டபிள்யூபிஏ3 இருந்தா இந்த மாதிரி பதிவு பண்ணி வீட்டுல போய் யூகிக்கிற வேலை நடக்காது, 2018ல வந்த முறை, அதுக்காகத்தான் வந்துச்சு. ஆனா பழைய டிவியும் கேமராவும் அதுல சேராம அடம் புடிக்கும், அதனால டபிள்யூபிஏ2 டபிள்யூபிஏ3 ரெண்டும் கலந்த மோடுல வைங்க. கலந்து வச்சா பழைய ஓட்டையும் கூடவே இருக்கும், அதனால நீளப் பாஸ்வேர்ட் அப்பவும் வேணும். எது பண்ணாலும் என்கிரிப்ஷன்ல ஏஇஎஸ்னு இருக்கணும். டிகேஐபின்னு இருந்தா அது பழசு, பாதுகாப்பும் போச்சு, வேகமும் 54 எம்பிபிஎஸ்லயே நின்னுடும். வெப் (WEP)னு ஒரு பழைய பூட்டு ஆப்ஷன் இன்னமும் மெனுவுல இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க, அது 2001லயே உடைஞ்சுபோச்சு.

டபிள்யூபிஎஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அழுத்துனா பாஸ்வேர்ட் இல்லாம சேரும். அதோட கூடவே எட்டு இலக்க பின் ஒண்ணு வரும், தொல்லையே அதுதான். எட்டு இலக்கம்னா பத்து கோடி வாய்ப்புன்னு நினைப்போம், ஆனா கடைசி இலக்கம் சரிபாக்குறதுக்கு, மீதி ஏழையும் ரவுட்டர் நாலு, மூணுன்னு பிரிச்சு முதல் பாதி சரியா தப்பான்னு தனியா பதில் சொல்லிடுது, ஆக பத்தாயிரமும் ஆயிரமும் கூட்டினா 11,000 தடவைக்குள்ள முடிஞ்சுடும். 2011 கடைசிலயே இது வெளிய வந்துடுச்சு. முருங்கக்கா ஜமுக்காளம் எவ்வளவு நீளமா வச்சாலும் இந்தக் கொல்லைக் கதவு திறந்திருந்தா பிரயோஜனம் இல்ல, ஆஃப் பண்ணிடுங்க.

அடுத்தது அட்மின் பாஸ்வேர்ட். வைஃபை பாஸ்வேர்ட் வேற, ரவுட்டர் பக்கத்துக்குள்ள போற பாஸ்வேர்ட் வேற, இது நிறைய பேருக்குத் தெரியாது. பிரவுசர்ல 192.168.1.1னோ பெட்டிக்கு அடியில ஒட்டிருக்குற முகவரியோ அடிச்சு உள்ள போனா, அட்மின் அட்மின்னு போட்டதும் திறந்துச்சுன்னா உடனே மாத்துங்க. வைஃபைல சேர்ந்த எந்தப் பையனும் இதுக்குள்ள போய் டிஎன்எஸ் (வெப்சைட் பேரைச் சொன்னா அது எங்க இருக்குன்னு வழி சொல்ற சர்வர்) முகவரியை மட்டும் மாத்தி வைக்க முடியும், அப்புறம் நீங்க பேங்க் முகவரியை ஒழுங்கா அடிச்சாலும் எங்க கூட்டிட்டுப் போகணும்னு முடிவு பண்றது அவன்தான். பிரவுசர் சர்டிஃபிகேட் எச்சரிக்கை காட்டும், ஆனா அப்பா அதைப் படிக்காம ஓகே அழுத்திடுவார்ங்கிறது உங்களுக்கே தெரியும். அங்கேயே ரிமோட் மேனேஜ்மென்ட்டை (வெளிய இருந்து ரவுட்டருக்குள்ள நுழையிற வசதியை) ஆஃப்ல வைங்க, யூபிஎன்பி (உள்ள இருக்குற சாதனம் தானா வெளிய வழி திறந்துக்குற வசதி) தேவை இல்லைன்னா அதையும். ஃபர்ம்வேர் (ரவுட்டரோட உள் சாஃப்ட்வேர்) அப்டேட் இருந்தா போடுங்க, லைன் கம்பெனி கொடுத்த பெட்டின்னா அவங்களே தூரத்துல இருந்து போடுவாங்க, சில மெனு உங்களுக்குத் திறக்காது, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

கேமராவுக்கும் இதே கதைதான். 2016ல மிராய்னு ஒரு வைரஸ், அறுபது சொச்சம் ஃபேக்டரி யூசர்நேம் பாஸ்வேர்டை மட்டும் வச்சுக்கிட்டு உலகம் பூரா கேமரா, டிவிஆர், ரவுட்டர்னு புடிச்சுப் போட்டுச்சு, அதையெல்லாம் ஒண்ணா ஏவி விட்டதுல அந்த அக்டோபர்ல அமெரிக்காவுல பெரிய பெரிய வெப்சைட் எல்லாம் பல மணி நேரம் திறக்கலை. கேமராவோட பாஸ்வேர்டை மாத்தாம வச்சிருக்குற வீடுங்கதான் அதுக்குப் படை. கேமரா மாட்ட வர்றவர் போர்ட் ஃபார்வேர்டிங் (வெளிய இருந்து கேமராவுக்கு நேரா ஒரு கதவு திறந்து விடுறது) போடணும்னு சொன்னா வேண்டாம்னுடுங்க, ஆப் வழியாவே பாத்துக்கலாம்.

தெருப் பசங்க விஷயம். அவங்களுக்குக் கொடுக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஊர்ல அது நடக்காது, அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டு வர்ற பையன் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா. கெஸ்ட் நெட்வொர்க்னு மெனுவுல இருக்கும், வேற பேரு வேற பாஸ்வேர்ட் போட்டு அதைக் கொடுங்க. அதுல சேர்ந்தவங்களுக்கு இன்டர்நெட் மட்டும் கிடைக்கும், உங்க லேப்டாப்போ ரவுட்டர் பக்கமோ தெரியாது. கேமராவையும் அதுலயே போடலாம், ஆப்ல பாக்குறதுக்குத் தடை இருக்காது. வீட்டுக்குள்ளயே ரெக்கார்டர் பெட்டி வச்சிருந்தா மட்டும் ரெண்டும் ஒரே நெட்வொர்க்ல இருக்கணும். ஒண்ணு கவனம், சில பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்துனா அதோட கெஸ்ட் சரியா பிரிக்காது, அதனால கெஸ்ட்டைக் கீழ இருக்குற மெயின் பெட்டில மட்டும் வைங்க. நாலஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாத்திட்டா போதும், கேட்குறவங்க திரும்பக் கேட்பாங்க. பாஸ்வேர்டே இல்லாம திறந்து மட்டும் வைக்காதீங்க. 2008ல அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு நிமிஷக் கணக்குல முன்னாடி போன மிரட்டல் ஈமெயில், நவி மும்பைல ஒருத்தர் வீட்டு வைஃபை வழியாத்தான் போயிருந்துச்சு, போலீஸ் நேரா அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுச்சு. லைன் யார் பேர்ல இருக்கோ முதல்ல அவங்களைத்தான் கேட்பாங்க.

வைஃபை பேரை மறைச்சு வைக்கிறது, மேக் ஃபில்டர் போடுறது (மேக்னா ஒவ்வொரு சாதனத்துக்கும் இருக்குற அடையாள நம்பர், பட்டியல்ல இருக்குறதை மட்டும் உள்ள விடுறது), இந்த ரெண்டையும் யூடியூப்ல நிறைய பேர் சொல்றாங்க. நேரம் வீண். மறைச்ச பேரை உங்க போனே போற இடமெல்லாம் கூப்பிட்டுத் தேடும், மேக் முகவரி காத்துலயே தெரியும், அதைக் காப்பி அடிக்கிறது ஒரு நிமிஷ வேலை. இப்போ வர்ற ஆண்ட்ராய்டும் ஐபோனும் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தானா ஒரு புது மேக் வச்சுக்குது, ஃபில்டர் போட்டா நீங்கதான் வெளிய நிப்பீங்க. யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு பட்டியல் பாக்கும்போதும் இதை ஞாபகம் வச்சுக்கோங்க, தெரியாத பேரு ஒண்ணு இருந்தா அது திருடனா இருக்கணும்னு இல்ல, அப்பாவோட போனாவே இருக்கும்.

கரண்ட் போறதுக்கு ஒரு வழி பண்ணிடுங்க, ஃபைபர் லைன்ல தெருவுல கரண்ட் இல்லைன்னாலும் பெரும்பாலும் நெட் ஓடும், நம்ம பெட்டிக்குக் கரண்ட் இருந்தா போதும். ரவுட்டருக்குன்னே சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் கிடைக்குது. அடாப்டர்ல 12 வோல்ட் எத்தனை ஆம்ப்னு பாத்து அதுக்குக் குறையாத மாதிரி வாங்குங்க, மாடி ரவுட்டர் 9 வோல்ட்டா இருந்தா அதுக்குத் தனி, ரெண்டையும் மாத்திச் சொருகிடாதீங்க.

இதையெல்லாம் ஒரே நாள்ல பண்றதா இருந்தா இடம் மாத்துறது, கேபிள் முதல்ல, பாஸ்வேர்ட் கடைசில. பேரையும் பாஸ்வேர்டையும் மாத்துன நொடி வீட்டுல இருக்குற எல்லாமே வெளிய வந்துடும், போனும் டிவியும் அஞ்சு நிமிஷம், ஆனா வாசல் கேமராவுக்கு ரீசெட் பட்டன் அழுத்திப் பிடிச்சு, போன்ல வர்ற க்யூஆர் கோடை அதோட கண்ணு முன்னாடி காட்டணும், நிறைய மாடல் அப்படித்தான். அதனால ஏணி யார் வீட்டுல இருக்குன்னு முன்னாடியே பாத்து வச்சுட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பிங்க.